எங்கும் திறக்கும் கதவும் எப்போதோ வரும் கப்பலும்: தீவியல் நோக்கில் டோரேமான்

ஓர் ஆய்வைத் தொடங்குமுன் அதன் தேவையை எடுத்துரைப்பது மரபு. இந்த ஆய்வுக்குத் தேவை எதுவும் இல்லை என்பதால் நேரே பொருளுக்குப் போய்விடலாம்.

பொருளாவது, ஜப்பானில் பிறந்து, இந்தி பேசி, அந்தமானில் ஒரு தமிழ்ப் பிள்ளையின் மாலைப்பொழுதை முழுக்கக் கைப்பற்றியிருக்கும் காதில்லாத நீலப் பூனை. பெயர் டோரேமான். அந்தமான், டோரேமான் இரண்டும் ஒரே ஓசையில் முடிவதைப் பிடித்துக்கொண்டு குமரிக்கண்டம் வரை போகத் துடிக்கும் அறிஞர்களுக்கு இக்கட்டுரையில் இடமில்லை. அவர்களுக்கென்று வேறு மேடைகள் இருக்கின்றன.

முதலில் முன்னோர் வரலாறு. கேட்டதைக் கொடுக்கும் ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. தேவலோகத்தில் கற்பகத் தரு, காமதேனு, சிந்தாமணி என மூன்று இலாகாக்கள் இதற்கென்றே இயங்கின. சினிமாவில் 1957இல் 'அலாவுதீனும் அற்புத விளக்கும்' ஒரு பூதத்தைக் கொண்டுவந்தது. 1967இல் 'பட்டணத்தில் பூதம்' படத்தில் ஜாவர் சீதாராமன் ஜீபூம்பாவாக ஜாடியிலிருந்து கிளம்பினார். பிறகு சன் டிவியில் 'மை டியர் பூதம்' வந்து, அன்றைய பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தை ஆண்டுக்கணக்கில் தாமதப்படுத்தியது. இந்தப் பூதங்கள் பலவற்றுக்கும் பொதுவான இலக்கணம் ஒன்று உண்டு: எதற்குள்ளாவது அடைபட்டுக் கிடக்க வேண்டும், திறந்துவிட்டவனுக்கு அடிமையாக வேண்டும். டோரேமான் இரண்டு விதியையும் மீறுகிறது. அதை யாரும் திறந்துவிடவில்லை. நோபிட்டாவின் மேசை இழுப்பறையைத் தள்ளிக்கொண்டு தானாகவே வெளியே வந்தது. வந்ததும் அடிமைத்தொழில் செய்ய அல்ல, கடன் விவகாரமாக.

கடன் கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பின்னாளில் ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ என்ற புனைபெயரால் அறியப்பட்ட ஹிரோஷி ஃபுஜிமோட்டோ 1969 இறுதியில் வரையத் தொடங்கிய படக்கதை இது. நோபிட்டா என்ற சிறுவன் படிப்பில் பூஜ்யம், விளையாட்டில் அதற்கும் கீழே. வளர்ந்து ஒரு தொழில் நடத்தி, அது தீயில் போய், மிச்சமான கடன் தலைமுறை தலைமுறையாக இறங்கி எள்ளுப்பேரன் செவாஷியின் தலையில் விடிகிறது. இருபத்திரண்டாம் நூற்றாண்டில் இருக்கும் அந்தப் பிள்ளை, தாத்தாவைத் திருத்தினால் கணக்கு தீரும் என்று ஒரு ரோபோ பூனையைக் காலத்தில் பின்னோக்கி அனுப்பிவைக்கிறான். நம் ஊரில் தாத்தா வாங்கிய கடனுக்குப் பேரன் நிலத்தை விற்பான். ஜப்பானில் தாத்தாவுக்கு டியூஷன் வைக்கிறார்கள்.

இங்கே நோபிட்டா தன் வாழ்நாளிலேயே அறிவார்ந்த கேள்வி ஒன்றைக் கேட்கிறான். என் வாழ்க்கையை நீ மாற்றி, நான் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டால், நீ எப்படிப் பிறப்பாய்? செவாஷியின் விடை புகழ்பெற்றது: ஒசாகாவுக்குப் போக எத்தனையோ வண்டிகள் உண்டு, எதில் ஏறினாலும் திசை சரியாக இருந்தால் ஒசாகா போய்ச் சேரலாம். டோக்கியோவாசிக்கு இந்த விடை போதும். அந்தமான்காரனிடம் சொன்னால் வாதம் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையைக்கூடத் தாண்டாது. மெயின்லேண்டுக்குப் போக இங்கே இருப்பது இரண்டே வழி, கப்பல் அல்லது விமானம். திசை சரியாகவே இருக்கும், வங்கக் கடலில் புயல் சின்னம் என்றதும் இரண்டும் ரத்தாகும். ஆகவே செவாஷியின் தத்துவம் ரயில்வே உள்ள நிலப்பரப்புகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பது இவ்வாய்வின் முதல் முடிவு.

இதிலிருந்து ஒரு கிளைக் கேள்வியும் எழுகிறது. அந்தமானில் 'ப்ரீ-42' என்றொரு வகுப்பு உண்டு. 1942இல் ஜப்பானியர் வருவதற்கு முன்பே குடியேறியவர்களின் வழிவந்தோர். அவர்களில் பலரின் முன்னோர் 1858 மார்ச் முதல் கைதிகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். எள்ளுப்பேரன் ஒருவன் கால எந்திரத்தில் போய் அந்த முன்னோரைத் திருத்திவிட்டால் தண்டனை இல்லை, கப்பல் இல்லை, தீவு இல்லை, எள்ளுப்பேரனும் இல்லை. செவாஷி இந்தத் தீவுகளில் பிறந்திருந்தால் பூனையை அனுப்புமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசித்திருப்பான்.

ஜப்பானிலிருந்து இந்தத் தீவுக்கு முதலில் வந்தவர்களை யாரும் விரும்பி அழைக்கவில்லை. 1942 மார்ச் 23 தொடங்கி 1945 அக்டோபர் வரை இருந்து, ஊர் இன்றும் தாழ்ந்த குரலில் சொல்லும் கதைகளையும், கார்பின்ஸ் கோவ் கடற்கரைப் பக்கம் சிமெண்ட் பதுங்கு குழிகளையும் விட்டுச்சென்றார்கள். அதற்கு அறுபது ஆண்டுக்குப் பின் வந்த இரண்டாவது வருகைதான் நம் ஆய்வுக்குரியது. 2005இல் ஹங்காமா டிவி வழியாக டோரேமான் இந்தியாவுக்குள் நுழைந்தது. 2008இல் ஜப்பானிய வெளியுறவு அமைச்சகம் அதை அனிமேஷன் தூதராகவே நியமித்துவிட்டது. தூதர் எல்லா நாட்டிலும் மாலை மரியாதையோடு வரவேற்கப்பட்டார் என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் இந்தி பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்ற காரணத்துக்காக 2013இல் வங்கதேச அரசு இந்தி டோரேமானின் ஒளிபரப்பைத் தடை செய்தது. அந்தக் கவலை அந்தமானில் செல்லுபடியாகாது. இங்கே தாய்மொழிக் கணக்கில் முதலிடம் வங்காளிக்கு. தமிழர் ஏழில் ஒருவர் தேறுவர். எனினும் கைதிக் குடியிருப்புக் காலம் தொட்டுச் சந்தையில் எல்லாரும் பேசுவது இந்தி. பூனை வருமுன்பே பிள்ளைகள் அந்த மொழியில் சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். திக்லிபூரின் வங்காளிப் பிள்ளையும் ஜங்கிலிகாட்டின் தமிழ்ப் பிள்ளையும் ஒரே நோபிட்டாவை ஒரே இந்தியில் திட்டுகிறார்கள்.

இனி கள ஆய்வு. களம்: ஜங்கிலிகாட்டில் என் தங்கை வீட்டு சோபா. தகவலாளி: அவள் மகன், நான்காம் வகுப்பு. ஊரின் பெயரைப் பற்றி ஒரு குறிப்பு. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. மெயின்லேண்டில் இருந்து வருபவன் எதைச் சொல்வது என்று குழம்புவான். தகவலாளி "ப்ளேர்" என்றே சொல்கிறான். கட்டுரையும் அவனையே பின்பற்றுகிறது.

முதலில் பதிய வேண்டியது பொழுதைப் பற்றி. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையில் கணக்கிடப்படுகிறது. போர்ட் பிளேர் இருப்பதோ ஏறக்குறைய 92.7இல். சூரியன் கடிகாரத்தைவிட நாற்பது நிமிடம் முந்திக்கொண்டு நடக்கிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணி தாண்டியதும் பொழுது சாய்ந்துவிடும். பிள்ளை பள்ளி விட்டு வந்து, டீ குடித்து, புத்தகப் பையை மூலையில் எறிந்து, டிவி முன் உட்காரும்போது வெளியே இருட்டு. சென்னைப் பிள்ளைக்கு நோபிட்டாவின் உலகில் ஒரு விஷயம் புரியாது: இவன் பள்ளி விட்டு வந்து காலி மனையில் நாலு பந்து ஆடுவதற்குள் ஏன் வானம் செக்கச்செவேல் என்றாகிறது? டோக்கியோவில் டிசம்பர் சூரியன் நாலரை மணிக்கே மறைகிறது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அந்தமான் பிள்ளைக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை, சன்னலுக்கு வெளியே பார்த்தால் போதும். டோரேமானின் ஒளியமைப்பைப் பாடம் நடத்தாமலே புரிந்துகொள்ளும் இந்தியர்களில் இந்தத் தீவுவாசிகளும் வடகிழக்குக்காரர்களும் முதன்மையானவர்கள். காலி மனைதான் உதைக்கிறது. நோபிட்டாவின் பந்து அடுத்த வீட்டுக் கண்ணாடியை உடைக்கும். இங்கே ஊரே மேடும் பள்ளமும். பந்து கண்ணாடிக்குக் காத்திருக்காது, சரிவில் உருண்டு போய்க்கொண்டே இருக்கும்.

இரண்டாவது பதிவு, சம்பளம் பற்றியது. ஒரு நாள் விளம்பர இடைவேளையில் தகவலாளி கேட்டான்.

"மாமா, டோரேமானுக்கு சம்பளம் யாரு குடுப்பா? நோபிட்டா அம்மாவா?"

"யாரும் குடுக்கிறதில்லடா."

"அப்ப டி.ஆர்.எம்.மா?"

விளக்கம் தேவை. டி.ஆர்.எம். என்றால் டெய்லி ரேட்டட் மஸ்தூர், நிர்வாகத்தின் தினக்கூலி ஆள். இந்தத் தீவுகளில் அரசுக்காக உழைத்தும் அரசு ஊழியராகாமல் இருக்கும் பெரும் படை அது. பணி நிரந்தரம் எப்போது என்பது தேர்தலுக்குத் தேர்தல் எழும் பேச்சு.

"டி.ஆர்.எம்.முக்குக்கூட தினமும் கூலி உண்டுடா. இதுக்கு அதுவும் இல்ல. டோராயாகிப் பலகாரம் மட்டும்தான்."

"பாவம் மாமா."

மேலைநாட்டு ஆய்வாளர் எவரும் இந்தக் கோணத்தை நெருங்கவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். பிள்ளையின் சந்தேகத்துக்குப் பின்னால் தமிழ் மரபும் நிற்கிறது. நம்மிடம் ஆசை இலவசமாக நிறைவேறியதே இல்லை. போர்ட் பிளேரின் வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிறவர்களைக் கேட்டால் ஒவ்வொரு காவடிக்கும் பின்னால் ஒரு ஒப்பந்தம் இருப்பது தெரியும்: வேலை கிடைத்தால், காய்ச்சல் நீங்கினால், டிரான்ஸ்ஃபர் நின்றால். சரக்கு வந்து சேர்ந்த பிறகே பணம். முடி காணிக்கையும் அதே கணக்கு. டோரேமான் எதையும் கேட்பதில்லை, நோபிட்டாவும் எதையும் நேர்ந்துகொள்வதில்லை. அதனால்தான் ஒவ்வொரு கதையும் கடைசியில் அடியிலும் அழுகையிலும் முடிகிறது என்பது தகவலாளியின் பாட்டி கருத்து. மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

இப்போது ஆய்வின் நடுப்பகுதி, அதாவது கணக்கு. டோரேமானின் வயிற்றுப் பையிலிருந்து வரும் கேட்ஜெட்டுகளில் பிள்ளைகள் நெஞ்சில் நிலைத்தவை இரண்டு: தலையில் ஒட்டிக்கொண்டு பறக்கும் பாம்பூ காப்டர், எங்கு வேண்டுமானாலும் திறக்கும் எனிவேர் டோர். காப்டரின் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். நிறுத்தாமல் ஓட்டினால் எட்டு மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். ஆக, எல்லை 640 கிலோமீட்டர். டோக்கியோ பிள்ளைகளுக்கு இது போதும், போதும். போர்ட் பிளேரில் இருந்து சென்னை சுமார் 1,360 கிலோமீட்டர். காலை ஐந்து மணிக்கு விடிந்ததும் தங்கை மகனும் நானும் மாடியில் இருந்து கிளம்பினால், பகல் ஒரு மணிக்கு வங்கக் கடலின் நட்டநடுவில், சென்னைக்கு இன்னும் 720 கிலோமீட்டர் இருக்கையில், இருவர் தலையிலும் காத்தாடி நின்றுவிடும். அவ்வப்போது நிறுத்தி ஓய்வு கொடுத்தால் பேட்டரி கூடுதலாக உழைக்கும் என்பார்கள். நிறுத்துவதற்கு அந்த வழியில் ஒரு திட்டுகூட இல்லை. மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் இந்தக் கணக்கும் நம்பத்தக்கதல்ல.

ஆனால் தீவுக்குத் தீவு என்று வந்தால் காப்டர் தங்கம். போர்ட் பிளேரில் இருந்து கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பே, காக்கை பறக்கும் தூரமாக 530 கிலோமீட்டர் சொச்சம். கப்பல் நிக்கோபார் தீவுகளைத் தொட்டுத் தொட்டுப் போனால் இரண்டு நாள் ஆகும். காப்டர் ஏழு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடும், பேட்டரியும் மிச்சம். திக்லிபூருக்கு இன்னும் சுலபம். சாலை வழி என்றால் விடியுமுன் எழுந்து, ஜிர்காடாங்கில் போலீஸ் கான்வாய்க்கு வரிசை கட்டி, ஜாரவா காப்பகத்தைக் கடந்து, நாள் முழுக்கத் தின்றுவிடும். காப்டருக்கு இரண்டேகால் மணி நேரம். காப்பகத்துக்கு மேலே பறக்காமல் கடல் பக்கம் ஒதுங்கிப் போக வேண்டும். அதற்கு ஒரு அரைமணி கூட்டிக்கொள்ளலாம். நிர்வாகத்திடம் ஒரே ஒரு கேட்ஜெட் கோரும் உரிமை தீவு மக்களுக்குக் கிடைத்தால் காப்டரையே கேட்க வேண்டும் என்று இந்த இடத்தில் எழுதிவிட்டு, தகவலாளியிடம் உறுதிப்படுத்திக்கொள்ளப் போனேன்.

"உனக்கு டோரேமான் கெடச்சா என்னடா கேப்ப? பாம்பூ காப்டர்தானே?"

"எனிவேர் டோர்."

"எங்க போவ?"

"பரமக்குடி. அப்பத்தா வீடு."

எழுதுகோல் ஈரமாகும் நிலைக்கு வந்தது. கடல் கடந்த பாசம், புலம்பெயர் மனம் என்று பத்தி ஒன்று மனதில் உருவாகிக்கொண்டிருந்தது.

"அப்பத்தாவப் பாக்கவா?"

"இங்க மழை வந்தா டிஷ்ல படம் நின்னுடுது மாமா. அப்பத்தா வீட்டு டிவில நிக்காது. அங்க போய் மிச்சத்த பாத்துட்டு வந்துருவேன்."

ஆசைகளை ஆராய்ந்த எந்த நூலிலும் இத்தகைய சுற்றுப்பாதையைக் காண முடியாது. டோரேமானிடம் வரம் கேட்பது, டோரேமானைப் பார்ப்பதற்காக. ஆனால் பிள்ளையின் நிலைமையை ஆராய்ந்தால் இதைவிட நியாயமான ஆசை வேறில்லை. இங்கே ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. வீட்டுக்கூரையில் இருக்கும் சிறு டிஷ் வாங்கும் அலைவரிசையைக் கனமழை விழுங்கிவிடும். நோபிட்டா கண்ணீர் விட்டு ஆசையைச் சொல்லி முடிப்பான். டோரேமானின் கை பைக்குள் போகும். படம் அப்படியே உறைந்து நிற்கும். கை வெளியே வரும்போது என்ன இருந்தது என்பதைப் பிள்ளைகள் மறுநாள் பள்ளியில் தாங்களாகவே முடிவுசெய்கிறார்கள். இப்படி அந்தமானில் பாதி ஒளிபரப்பாகி மீதி வகுப்பறையில் இயற்றப்பட்ட டோரேமான் கதைகள் தனிப் பாடபேதமாகப் பதிப்பிக்கத் தக்கவை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பிள்ளை பொருள் எதுவும் கேட்கவில்லை. பொம்மை, சாக்லேட், பாடம் தானாக மனப்பாடமாகும் ரொட்டி, எதுவும் இல்லை. கேட்டது வழி. வெங்காயமும் மாமாவும் கிரிக்கெட் மட்டையும் கப்பலிலோ விமானத்திலோ வந்தே தீர வேண்டிய ஊரில், 'என்ன வேண்டும்' என்பதைவிட 'எப்படி வரும்' என்பதே பெரிய கேள்வி. நோபிட்டாவின் மற்ற ஆசைகளெல்லாம் தெருமுனையில் கடை உள்ளவனின் ஆசைகள்.

இதற்குச் சான்று வேண்டுவோர் ஜப்பானுக்கு ஓட வேண்டியதில்லை. மணிமேகலையில் ஆபுத்திரன் கதை இருக்கிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி கையில். பசித்தவர்களைத் தேடிச் சாவக நாட்டுக்குக் கப்பலேறினான். காற்றினால் கப்பல் மணிபல்லவத் தீவில் தங்கியது. கீழே இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று நினைத்து மாலுமிகள் இரவோடு இரவாகப் பாயை விரித்துப் போய்விட்டார்கள். ஆளில்லாத தீவு, வற்றாத பாத்திரம், ஊட்டுவதற்கு ஒரு வாய் இல்லை. தன் பசிக்கு மட்டும் அதைப் பயன்படுத்த மனமில்லாமல் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் நீத்தான். இந்தக் கதையில் உரைகாரர்கள் அறத்தைப் பார்த்தார்கள். அறம் இருக்கட்டும். கப்பலைத் தவறவிட்டால் கற்பகத் தருவே கையில் இருந்தாலும் பயன் இல்லை என்பதைத் தமிழ்க் காப்பியம் ஒன்று பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வரைந்து காட்டிவிட்டது. ஆபுத்திரனிடம் எனிவேர் டோர் இருந்திருந்தால் மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்திருக்காது, காப்பியத்தில் பாதி காணாமல் போயிருக்கும்.

ஒப்பாய்வு இல்லாமல் ஆய்வு நிறைவுறாது என்பதற்காக அமெரிக்கச் சரக்கு ஒன்றையும் எடுத்துக்கொள்வோம். 2001 மார்ச்சில் நிக்கலோடியன் தொடங்கிய 'தி ஃபேர்லி ஆட்பேரண்ட்ஸ்' தொடரில் டிம்மி டர்னர் என்ற பத்து வயதுப் பிள்ளைக்குக் காஸ்மோ, வாண்டா என இரு தேவதைகள் காவல். கேட்டதைக் கொடுப்பார்கள், பிறர் வந்தால் கண்ணாடித் தொட்டிக்குள் மீன்களாகிவிடுவார்கள். (சுர்மை துண்டு வெட்டிக்கொண்டிருந்த தங்கை இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, சாப்பிடாத மீனை எதுக்கு வீட்டுல வெச்சிருக்காங்க என்று கேட்டாள்.) அந்தத் தேவதைகளிடம் தடிமனான ஒரு விதிப்புத்தகம் இருக்கும். போட்டியில் வெற்றி கேட்கக் கூடாது, உண்மைக் காதலில் குறுக்கிடக் கூடாது என்று பக்கம் பக்கமாகத் தடைகள். ஆசையைக் கேட்டதும் முதலில் புரட்டப்படுவது புத்தகம்தான். எந்த அலுவலகத்து மேசையிலும் நாம் பார்த்ததுதானே!

இத்தொடரின் பத்தாவது சீசன், 2016 ஜனவரியில் தொடங்கி 2017 ஜூலையில் முடிந்தது. அதோடு தொடரும் முடிந்தது. பழைய ரசிகர்கள் பலர் இந்த சீசனை வாயில் வைக்க முடியாது என்கிறார்கள். காரணம், அதில் தேவதைகளுக்குத் தட்டுப்பாடு வந்து, டிம்மி தன் தேவதைகளைக் குளோயி என்ற புதுப் பெண்ணோடு பங்குபோட வேண்டியதாகிறது. மாயத்தில் என்ன தட்டுப்பாடு என்று அவர்கள் கொதிக்கிறார்கள். தீவியல் நோக்கில் மொத்தத் தொடரிலும் நம்பத்தக்க ஒரே சீசன் இதுதான். கப்பல் தாமதமானால் உருளைக்கிழங்குக்குத் தட்டுப்பாடு, விடுமுறை வந்தால் டிக்கெட்டுக்குத் தட்டுப்பாடு, தீவுவாசி அட்டை இருந்தால் ஒரு கட்டணம், இல்லாவிட்டால் வேறு கட்டணம். இவ்வளவுக்கு நடுவே வாழ்பவன், 'தேவதை ஸ்டாக் இல்லை, உள்ளதை இருவர் பகிர்ந்துகொள்ளுங்கள்' என்ற அறிவிப்பைப் படித்துவிட்டு அமைதியாக அடுத்த வேலையைப் பார்ப்பான். அந்த சீசனை எழுதியவர்கள் ஒரு வாரம் ஹட் பேயில் தங்கியிருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருப்பார்கள்.

மீண்டும் கதவுக்கு வருவோம். எனிவேர் டோர் அந்தமானுக்குக் கிடைக்கவே இல்லை என்று சொல்வது வரலாற்றுப் பிழையாகும். பாதிக் கதவு வந்துவிட்டது. 2018 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் சென்னை–அந்தமான் கடலடி ஃபைபர் கேபிளுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதே நாளில் ராஸ், நீல், ஹேவ்லாக் என மூன்று தீவுகளுக்குப் பெயர் மாற்றமும் அறிவிக்கப்பட்டது. பெயர் மாற்றம் சொன்ன மாத்திரத்தில் நிறைவேறியது. கேபிளுக்கு 2020 ஆகஸ்ட் 10 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆசைகளில் காகிதத்தில் முடிபவை, கடலில் முடிபவை என இருவகை உண்டு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள், செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய். சென்னையில் கிளம்பி போர்ட் பிளேர், ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் என்று போகிறது. அதற்கு முன் தீவுகள் முழுக்கச் செயற்கைக்கோளை நம்பி, ஒரு படம் இறங்கத் தொடங்கினால் சமையலே முடிந்துவிடும் வேகத்தில் இணையம் நடத்தின. மெயின்லேண்டுக்குப் போய் வருபவர் ஊறுகாயோடு பென்டிரைவும் கொண்டுவர வேண்டும் என்பது உறவுமுறையின் எழுதாத விதியாக இருந்தது.

இப்போது கேளுங்கள். அந்தக் கேபிளை அமைக்கும் ஒப்பந்தத்தை பி.எஸ்.என்.எல். யாரிடம் கொடுத்தது? என்.இ.சி. நிறுவனத்திடம். என்.இ.சி. ஜப்பான் நிறுவனம். பூனையின் பையில் இருந்து வர வேண்டிய கதவு, பூனையின் நாட்டில் இருந்தே, கடலுக்கு அடியில், டெண்டர் மூலமாக வந்து சேர்ந்திருக்கிறது. இதைத் தற்செயல் என்று சொல்பவர்கள் ஆய்வுத்துறைக்கு லாயக்கற்றவர்கள்.

பாதிக் கதவு என்றது ஏன்? அதன் வழியே பரமக்குடி அப்பத்தாவின் முகம் வருகிறது, குரல் வருகிறது, "எலும்பும் தோலுமா ஆயிட்டியேடா" என்ற புகார் வருகிறது. அப்பத்தா வருவதில்லை, அவள் கையால் செய்த சீடையும் வருவதில்லை. உடம்பும் சீடையும் இன்றும் மூன்று நாள் கப்பலிலோ இரண்டேகால் மணி நேர விமானத்திலோதான் வர வேண்டும். தகவலாளிக்கு மட்டும் கதவு முழுசாகக் கிடைத்துவிட்டது. மழை பெய்து டிஷ் நின்றால் அம்மாவின் கைபேசியை எடுக்கிறான். நோபிட்டா விட்ட இடத்தில் இருந்து அழுகிறான், டோரேமானின் கை பையில் இருந்து வெளியே வருகிறது. இந்தியாவிலேயே தன் ஆசை சொன்னபடி, சொன்ன காரணத்துக்காகவே, அரசுச் செலவில் நிறைவேறிய பிள்ளை இவன் ஒருவனாகத்தான் இருப்பான். அதற்கு நன்றி காட்டும் அறிகுறி எதுவும் களத்தில் காணப்படவில்லை.

டோரேமானே நேரில் வர வேண்டும் என்று இன்னும் அடம்பிடிப்போருக்குச் சட்ட நிலையைத் தெளிவுபடுத்துவது கடமை. டோரேமான் வெளிநாட்டுப் பிரஜை. 1963ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் தடைசெய்யப்பட்ட பகுதி ஆணையின் கீழ் வந்த இடம் அந்தமான் நிக்கோபார். 2018இல் மக்கள் வாழும் பல தீவுகளுக்கு அனுமதிச் சீட்டுக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டாலும், இன்னும் தயாரிக்கப்படாத ஒருவருக்கு எந்த ஆண்டின் விசா கொடுப்பது என்ற கேள்வி கவுண்டரில் நிச்சயம் எழும். எடை 129.3 கிலோ என்பதால் விமானத்தில் பயணியா சரக்கா என்பதும் தீர்க்கப்பட வேண்டும். கதவோடு வந்தால் சிக்கல் இன்னும் பெரிது. தவறுதலாக வடக்கு சென்டினலில் திறந்துவிட்டால்? 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி அந்தத் தீவைச் சுற்றி ஐந்து கடல்மைல் வரை யாரும் நெருங்கக் கூடாது. 'நான் கடலில் கால் வைக்கவே இல்லை, கதவைத்தான் திறந்தேன்' என்ற வாதம் எந்த நீதிமன்றத்திலும் நிற்காது, நிற்கவும் கூடாது. அந்தத் தீவார் யாரிடமும் கேட்பது ஒன்றே ஒன்று, தங்களை விட்டுவிடுங்கள் என்பது. அதைக் கொடுக்கப் பூனை தேவையில்லை.

மற்றவர்கள் காத்திருக்கலாம். டோரேமான் தயாராகும் நாள் 2112 செப்டம்பர் 3. நாள்காட்டியைக் கணக்கிட்டுப் பார்த்தேன், அது சனிக்கிழமை. இன்றைய வழக்கப்படி மத்திய அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை. கேட்ஜெட் கோரும் தீவுவாசிகள் அடையாள அட்டையின் இரண்டு நகல்களோடு திங்கட்கிழமை காலை வரவும்.